கஞ்சி குடித்த ஜிப்புகள்

எனக்குப் பொறுமை கிடையாது என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. டவுன் பஸ் கொஞ்சம் தாமதமானால் டிரைவரின் பரம்பரையையே மனதுக்குள் திட்டித் தீர்ப்பேன். என் கணவர் ஒரு கதையைத் தொடங்கினால், அவர் மூச்சு வாங்கும் இடத்தில் புகுந்து முடிவை நானே சொல்லிவிடுவேன். ஆனால் ஜிப்பு மாட்டிக்கொண்டது என்று யாராவது வந்து நின்றால் மட்டும் என் கை தானாக நிதானத்துக்கு வந்துவிடும். எனக்கென்று எழுதிவைத்த பொறுமை முழுவதும் ஜிப்புக்கே செலவாகிவிடுகிறது என்று நினைக்கிறேன். அதற்காக நான் வெட்கப்பட்டதில்லை. சொல்லப்போனால் அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் எனக்கு வேலை. சேர்க்கை, மாற்றுச் சான்றிதழ், பஸ் கட்டணம் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். அந்த மேசையின் கீழ் இழுப்பறையில் ஒரு சின்னக் குறடு, மெழுகுவர்த்தித் துண்டு, பல் தேய்த்துத் தேய்ந்துபோன பிரஷ், ஊசி நூல், சாவி வளையம் நாலைந்து கிடக்கும். வீட்டு அலமாரியிலும் இதே போல ஒரு டப்பா உண்டு. யுகேஜி பிள்ளைகளை டீச்சர்கள் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வருவார்கள். பிள்ளையின் கால்சட்டை ஜிப்பு சட்டை நுனியைக் கவ்விக்கொண்டிருக்கும். டீச்சர் அதற்குள் மேல்நோக்கி இழுத்து இழுத்துப் பார்த்து, துணியை இன்னும் உள்ளே தள்ளி வைத்திருப்பார். முதலில் கையை எடுங்க என்பேன். ஜிப்புக்கு வருகிற வியாதியில் பாதி, நாம் இழுக்கிற இழுப்பில் வருவது. கவ்விய துணியைப் பக்கவாட்டில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஜிப்பை வந்த வழியே கீழ்நோக்கித் தள்ளினால் அது துணியை விட்டுவிடும்.

ஒரு ஆண்டு விழாவன்று, வரவேற்புரை வாசிக்க வேண்டிய ஆசிரியரின் பேன்ட் ஜிப்பு ஏற்ற ஏற்ற இறங்கிக்கொண்டிருந்தது. கையிலிருந்த கோப்பை இடுப்புக்கு முன்னால் பிடித்தபடி அலுவலகத்துக்கு வந்தவர், சொல்ல முடியாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஒரு சாவி வளையத்தை எடுத்து நீட்டினேன். அதை ஜிப்பைப் பிடித்து இழுக்கிற நாக்கில் கோத்து, ஜிப்பை ஏற்றி, வளையத்தைப் பேன்ட்டின் பொத்தானில் மாட்டி, அதற்கு மேல் பொத்தானைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். அன்றைக்கு அவர் வரவேற்புரையை வழக்கத்தைவிட நீட்டி முழக்கினார். வளையத்தை இன்றுவரை திருப்பித் தரவில்லை.

இந்தத் திமிரெல்லாம் ஒரு சனிக்கிழமை நிஜமாகவே பரீட்சைக்கு வந்தது.

என் நாத்தனார், அதாவது கணவரின் தங்கை, சென்னையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவள். ஒருநாள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கி, இனி அந்த நாற்காலிக்குப் போக மாட்டேன் என்றாள். எங்கள் ஊர்க் கண்டாங்கிச் சேலையை, அந்தக் கட்டமும் அகலக் கரையும் கெடாமல், கணுக்கால் வரை நீளும் கவுனாகத் தைத்து விற்கப் போவதாகச் சொன்னாள். படம் அவளே போடுவாள். தைக்க, நாலு தெரு தள்ளி ஒரு டெய்லரம்மாவைப் பிடித்திருந்தாள். வீட்டில் யாரும் நேராக எதிர்க்கவில்லை. ஆனால் சாப்பிடும்போதெல்லாம் என் கணவர் அந்தக் கம்பெனியில் இன்னும் இடம் காலியாக இருக்கிறதா என்று விசாரிப்பார். கடைசியில் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரு உடன்பாடு ஏற்பட்டது. தீபாவளிக்குள் ஒரு பெரிய ஆர்டராவது பிடிக்க வேண்டும். இல்லையென்றால் அவள் வாய் பேசாமல் சென்னைக்குத் திரும்பிவிட வேண்டும்.

அந்தப் பெரிய ஆர்டர் கோட்டையூரில் கண்ணுக்குத் தெரிந்தது. அங்கே பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை ஓட்டலாக மாற்றியிருந்தார்கள். வரவேற்பில் நிற்கிற, சாப்பாடு பரிமாறுகிற பெண்களுக்கெல்லாம் சீருடை வேண்டும். கண்டாங்கிக் கவுன் என்றதும் அந்த ஓட்டலின் மேலாளரம்மாவுக்குப் பிடித்துவிட்டது. மாதிரிக்கு ஐந்து தைத்து எடுத்து வரச் சொன்னார். கூடவே ஒரு எச்சரிக்கையும் சொல்லியிருந்தார். முன்பு வாங்கிய சீருடைகளில் துணி நன்றாகத்தான் இருந்ததாம், ஜிப்புத்தான் காலை வாரிவிட்டதாம். விருந்தாளிகள் முன்னால் ஒரு பெண்ணுக்கு முதுகு ஜிப்பு பிளந்துகொண்டு, அவள் நாள் முழுக்கத் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றாளாம். அதனால் ஜிப்பைத்தான் முதலில் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமையே ஐந்து கவுனும் தைத்து வந்துவிட்டன. நாத்தனார் எல்லா ஜிப்பையும் ஏற்றி இறக்கிப் பார்த்து, மடித்து வைத்துவிட்டு, பை வாங்கக் கடைத்தெருவுக்குப் போனவள் சாயங்காலம்தான் திரும்பினாள். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். வீட்டில் இருந்தது என் மாமியார் மட்டும்தான்.

மாமியாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கஞ்சி போடுவதில் எங்கள் தெருவில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. புதுவயல் அரிசி மில்லில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் ஒருவர் மூலம் நொய் வாங்கி வைத்திருப்பார். அதைக் குழைய வேகவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, ஒரு கல் உப்புப் போட்டு, அவர் கஞ்சி போட்ட கண்டாங்கி கட்டினால் சாயங்காலம் வரை மடிப்புக் கலையாது. கஞ்சி போடாத கண்டாங்கியை அவர் துணியாகவே மதிக்க மாட்டார். மகளுடைய வியாபாரத்தைப் பற்றி அவர் நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை பேசியதில்லை. மகள் கவுனை விரித்துக் காட்டினால் தொட்டுப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார்.

அன்று தனியாக இருந்த நேரத்தில், ஐந்து கவுனையும் கஞ்சியில் முக்கி எடுத்துவிட்டார். சாதாரணமாக முக்கவில்லை. வடிவம் கெட்டுவிடக் கூடாது என்று ஒவ்வொரு ஜிப்பையும் கழுத்துவரை ஏற்றி, பத்திரமாகப் பூட்டி, அதற்குப் பிறகு முக்கியிருக்கிறார். முற்றத்து வெயிலில் காயவைத்து, நீவி மடித்து, மகளுக்குத் தெரியாமல் பழைய இடத்திலேயே வைத்துவிட்டார். மகள் மறுநாள் எடுத்துப் பார்த்து அசந்துபோக வேண்டும் என்பது அவர் எண்ணம்.

சனிக்கிழமை காலை நான் ரேஷன் கடைக்குப் போய்விட்டுச் சர்க்கரையும் பருப்புமாகத் திரும்பி வந்தால், முற்றத்தில் கவுன்கள் பரந்து கிடந்தன. நடுவில் நாத்தனார் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். என் கணவர் ஒரு கையில் கட்டிங் பிளேயரும் மறு கையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுமாக நின்றார்.  ஐந்து ஜிப்பும் நகரவில்லை. நாத்தனார் பிடித்து இழுத்ததில் ஒன்று பாதி இறங்கி, பின்னால் பிளந்துகொண்டு நின்றது. அரக்கு நிறக் கவுனைத் தங்கைக்கு உதவுகிறேன் என்று இவர் கையில் எடுத்து, பிளேயரால் ஒரே இழுப்பு இழுத்து, ஜிப்பின் நாக்கைக் கையோடு பிடுங்கிவிட்டிருந்தார். அடுத்து எண்ணெய் விடப் போகிற சமயத்தில்தான் நான் உள்ளே நுழைந்திருக்கிறேன்.

"எல்லாரும் மொதல்ல கையை எடுங்க," என்றேன். பள்ளிக்கூடத்துக் குரல் அது. இருவரும் எடுத்துவிட்டார்கள்.

டெய்லரம்மாவுக்குப் போன் அடித்துப் பார்த்துவிட்டோம் என்றார்கள். சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குச் சிங்கம்புணரிக்குப் போயிருந்த அவர் எடுக்கவே இல்லை. கடைத்தெருவில் இரண்டு டெய்லர்களைக் கேட்டதற்கு, தீபாவளி நெருக்கத்தில் ஐந்து ஜிப்பைப் பிரித்து மாற்ற நேரமில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். நாத்தனார் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், சென்னைக்கு டிக்கெட் போட்டுவிட வேண்டியதுதான் என்றாள். அதை அழுதுகொண்டே சொல்லியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் ஒரு கவுனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஜிப்பு உடைந்திருந்தால் அது ஒரு வியாதி, துணி கவ்வியிருந்தால் வேறு வியாதி. என்ன என்று தெரியாமல் மருந்து கொடுக்கக் கூடாது. ஜிப்பில் மேலும் கீழும் ஓடுகிறதே ஒரு சின்ன உலோகத் துண்டு, அதற்கு ரன்னர் என்று பெயர். அதைச் சுற்றி வெள்ளையாக என்னவோ பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

உப்புப் போட்ட கஞ்சி.

நைலான் பல்லின் இடுக்கெல்லாம் கஞ்சி புகுந்து காய்ந்து, ரன்னரையும் பல்லையும் சேர்த்து ஒட்டிவிட்டிருந்தது. நான் சொல்வதற்கு முன்பே அடுப்படி வாசலில் நின்றிருந்த மாமியாருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். நாத்தனாரும் திரும்பிப் பார்த்தாள்.

"ஒன்னைய யாரும்மா இதச் செய்யச் சொன்னது?"

மாமியார் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்கு நாத்தனார் மேல் சுள்ளென்று கோபம் வந்தது. அந்த அம்மா மகளுக்காகச் செய்த ஒரே காரியம் அது. ஆனால் மகளைச் சொல்லியும் குற்றமில்லை, அவள் பிழைப்பே அந்த ஐந்து ஜிப்பில் மாட்டிக்கொண்டிருந்தது. அழுவது, சண்டை போடுவது எல்லாவற்றையும் நாலு மணிக்கு மேல் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். பிறகு வேண்டுமென்றே அடுப்படிப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தேன்.

"அயித்த, கை பொறுக்குற சூட்டுல வெந்நி வேணும்."

 உள்ளே அடுப்புப் பற்றவைக்கிற சத்தம் கேட்டது.

கஞ்சியைக் கரைப்பது தண்ணீர்தான். இதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானி வேண்டாம், ஆனால் ஜிப்பு நகரவில்லை என்றதும் எல்லோரும் எண்ணெயைத்தான் தேடுகிறார்கள். எண்ணெய் விட்டிருந்தால் கஞ்சியும் எண்ணெயும் சேர்ந்து களியாகியிருக்கும், துணியும் கறையாகியிருக்கும். நான் கவுனின் முதுகை மட்டும் ஒரு தட்டின் மேல் நீட்டிப் போட்டு, மற்றப் பகுதி நனையாமல் சுற்றி வைத்துக்கொண்டு, ஜிப்பின் மேல் வெந்நீரை ஒத்தடம் கொடுப்பது மாதிரி துணியால் ஒற்றினேன். ஊறட்டும் என்று விட்டேன். பிறகு பிரஷால் பல்வரிசையை மேலிருந்து கீழாகத் தேய்த்தேன். வெள்ளைத் தண்ணீர் வடிந்தது. மறுபடி ஒற்றி, மறுபடி தேய்த்தேன். அடிக்கடி மாமியார் வந்து, ஆறின தண்ணீரை எடுத்துக்கொண்டு சுடுதண்ணீரை வைத்துவிட்டுப் போனார். என் கணவர் இரண்டு தடவை, இழுத்துப் பார்க்கலாமே என்றார். இரண்டு தடவையும் நான் பார்த்த பார்வையில் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார்.

ரன்னரை மேலே இழுக்கவில்லை, கீழேயும் இழுக்கவில்லை. இரண்டு விரலால் பிடித்து, இங்குட்டும் அங்குட்டும் ஒரு மயிரிழை அசைத்துக்கொண்டே இருந்தேன். முதலில் அசையாது. பிறகு அசைந்த மாதிரி தோன்றும், ஆனால் அது நம் ஆசைதான். அப்புறம் உண்மையாகவே ஒரு பல் நகரும். அது விரலுக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. ஒரு பல் நகர்ந்தால் முழு ஜிப்பும் நகர்ந்த மாதிரிதான். முற்றம் முழுக்கக் கேட்கிற மாதிரி சர்ரென்று முதல் ஜிப்பு இடுப்புவரை இறங்கியபோது, நாத்தனார் முழங்காலிலேயே தவழ்ந்து என் பக்கத்தில் வந்துவிட்டாள். அதுவரை அணிந்திருந்த சென்னை டிக்கெட் முகத்தைக் கழற்றிவிட்டு, மதினி, இன்னொரு பிரஷ் இருக்கா என்று கேட்டாள்.

இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே வழிக்கு வந்தன. மூன்றாவதில் கஞ்சி போன பிறகும் ஒரு இடத்தில் இடித்தது. பார்த்தால், உள்பக்கத் தையலிலிருந்து ஒரு நூல் பிரிந்து பல்லுக்குள் போயிருந்தது. அதை ஊசியால் நெம்பி எடுத்து வெட்டிவிட்டேன்.

நாலாவது, நாத்தனார் இழுத்துப் பிளந்தது. அதைக் கழுவி ஏற்றினால் ரன்னர் நன்றாகத்தான் ஓடியது, ஆனால் அது போன வழியெல்லாம் ஜிப்பு பின்னால் திறந்துகொண்டே வந்தது. பல் கெட்டுவிட்டது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பல் கெடுவது அபூர்வம். பலமாக இழுக்கும்போது ரன்னரின் மேல் தகடும் கீழ்த் தகடும் கொஞ்சம் விரிந்துவிடும், அப்புறம் இரண்டு வரிசையையும் சேர்த்து அமுக்க அதற்குத் தெம்பு இருக்காது. ரன்னரைக் கடைசிவரை இறக்கி, அதன் பின்வாயின் இடது ஓரத்தைக் குறடால் ஒரு சின்ன அமுக்கு, வலது ஓரத்தை ஒரு சின்ன அமுக்கு அமுக்கினேன். ஏற்றிப் பார்த்தேன். பாதிவரை சேர்ந்தது, பிறகு பிளந்தது. இன்னொரு அமுக்கு. அதிகமாக அமுக்கிவிட்டால் ரன்னர் நகரவே நகராது என்பதால் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் செய்தேன். இந்த முறை கழுத்துவரை ஒரே கோடாகச் சேர்ந்து நின்றது. நான் ஏதோ கல்யாணத்தையே முடித்துவைத்த மாதிரி நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தேன்.

பிறகுதான் அரக்குக் கவுன். நாக்குப் போனது பெரிய விஷயமில்லை, அந்த ஓட்டையில் ஒரு வளையம் மாட்டிவிடலாம். ஆனால் கஞ்சியைக் கழுவியதும்தான் தெரிந்தது, என் கணவரின் கைவண்ணத்தில் ரன்னரே ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது. அமுக்கினேன். இரண்டாக உடைந்து தட்டில் விழுந்தது.  என் கணவர் பிளேயரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

ரன்னரின் அடியில் ஒரு எண் பொறித்திருக்கும். அதுதான் அதன் அளவு. உடைந்த துண்டைத் திருப்பிப் பார்த்தேன், மூன்று. என்னிடம் வீட்டில் இருந்ததெல்லாம் பையிலிருந்து கழற்றிய பெரிய ஐந்தாம் நம்பர். அது இந்தப் பல்லில் நிற்காது. வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டுத் தங்கச்சியைக் கூப்பிட்டேன். அவர் கணவர் சார்ஜாவில் வேலை பார்க்கிறார், வரும்போதெல்லாம் பர்தா வாங்கி வருவார். முன்பக்கம் ஜிப்பு வைத்த பர்தா அவரிடம் ஒன்று உண்டு, போன வருடம் அதை நான்தான் சரிசெய்து கொடுத்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் உள்ளே போய், அந்தப் பர்தாவையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கை ஓரமெல்லாம் இற்றுப்போய்விட்டது, இனிமேல் போடுவதாக இல்லை, எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா என்றார். ரன்னரைத் திருப்பிப் பார்த்தேன். மூன்று. நாக்கு பொன் நிறத்தில், நுனியில் சின்னதாக ஒரு வெள்ளைக் கல் பதித்து மின்னியது. எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

கவுனில் ஜிப்பின் அடித் தையலைப் பிரித்து, கீழ்முனை இரண்டையும் வெளியே எடுத்தேன். ஒரு வரிசை ரன்னரின் ஒரு வாயில், மறு வரிசை மறு வாயில். இரண்டும் ஒரே மட்டத்தில் நுழைய வேண்டும். முதல் முறை ஒன்று முந்திக்கொண்டு, ஜிப்பு ஏறியதும் முதுகு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. கழற்றினேன். இரண்டாம் முறை நாத்தனார் ரன்னரை அசையாமல் பிடித்துக்கொள்ள, நான் இரண்டு முனையையும் சேர்த்து உள்ளே தள்ளினேன். கழுத்தில் இரண்டு பக்கமும் இம்மி பிசகாமல் சந்தித்தன. அடியில் ரன்னர் கழன்று வராதபடி நூலால் குறுக்கே தைத்து ஒரு தடுப்புப் போட்டு, பிரித்த தையலை மூடினேன்.

ஐந்து கவுனும் முற்றத்து வெயிலில் முதுகைக் காட்டிக் காய்ந்தன. காய்ந்த ஜிப்பு எல்லாவற்றிலும் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, ஏற்றி இறக்கி, உதிர்ந்த மெழுகைத் துடைத்தேன். இஸ்திரி போடுகிற வேலையை என் கணவருக்குக் கொடுத்தோம். நைலான் பல்லில் சூடு நேராகப் படக் கூடாது, மேலே துணி போட்டுத் தேய்க்க வேண்டும் என்று சொன்னதற்கு, மறுபேச்சுப் பேசாமல் என் நல்ல கைக்குட்டையை எடுத்துப் போட்டுத் தேய்த்தார்.

கிளம்பும்போது மாமியார் வாசல்வரை வந்தார். சாப்பிட்டீங்களா அயித்த என்று கேட்டேன். பசிக்கவில்லை என்றார். மகள் முகத்தை அவர் பார்க்கவில்லை, மகளும் பார்க்கவில்லை.

ஆட்டோவில் மடியில் கவுன்களைக் கிடத்திக்கொண்டு, மடிப்பு விழாமல் கையைத் தூக்கிப் பிடித்தபடியே கோட்டையூர் போய்ச் சேர்ந்தோம். மேலாளரம்மா ஐம்பது வயதுக்காரர், கண்ணாடியைக் கயிற்றில் கட்டி மார்பில் தொங்கவிட்டிருந்தார், சிரிக்கிற ஜாதியாகத் தெரியவில்லை. பக்கத்தில் வரவேற்பில் நிற்கிற ஒரு இளம்பெண். முன்பு முதுகு ஜிப்பு பிளந்து துண்டு போர்த்திக்கொண்டு நின்றது இந்தப் பெண்தான் என்று மேலாளரம்மா சொன்னார். ஐந்தில் ஒன்றை நீயே எடுத்துப் போட்டுக்கொண்டு வா என்று அவளிடம் சொன்னார்.

அந்தப் பெண் ஐந்தையும் தடவிப் பார்த்துவிட்டு, அரக்கு நிறத்தை எடுத்தாள்.

நாத்தனாரின் விரல்கள் என் முழங்கையை இறுக்கின. எனக்கு மட்டும் உள்ளூர ஒரு கொண்டாட்டம். நான்கு நல்ல ஜிப்புகள் இருக்கும்போது அவள் என் ஜிப்பை எடுத்திருந்தாள்.

அறைக் கதவு மூடியது. கொஞ்ச நேரம் ஆயிற்று. மேலாளரம்மா கதவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். கதவு திறந்தது. யார் உதவியும் இல்லாமல் தானே முதுகு ஜிப்பை ஏற்றிக்கொண்டு வந்து நின்றாள் அந்தப் பெண். கண்டாங்கிக் கரை கணுக்காலில் விறைப்பாக நின்றது. உட்காரச் சொன்னார், உட்கார்ந்தாள். குனியச் சொன்னார், குனிந்தாள். இரண்டு கையையும் தூக்கிப் பரணில் ஏதோ எடுப்பது போலச் செய்யச் சொன்னார். அதற்கும் ஜிப்பு அசையவில்லை. மேலாளரம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பின்னால் போய், தானே ஜிப்பைப் பிடித்து இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார், ஏற்றினார். சர் சர்ரென்று ஓடியது. பிறகு அந்தப் பொன் நிற நாக்கைத் தூக்கிப் பார்த்தார்.

மற்ற நாலிலும் சாதா ஜிப்பு இருக்கிறது, இதில் மட்டும் ஏன் வேறு என்று கேட்டார். நாத்தனார் வாயைத் திறந்தாள். ஏதோ டிசைன் என்று மழுப்பப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத்தான் அடுத்தவர் முடிக்கும்வரை காத்திருக்கத் தெரியாதே.

"அது இன்னைக்குக் காலையில ஒடஞ்சிருச்சுங்க. பக்கத்து வீட்டுப் பழைய பர்தாவுல இருந்து எடுத்து நான்தான் மாட்டுனேன். இப்ப ஒங்க முன்னாடி நிக்கிது. நாளைக்கு எந்த ஜிப்புப் போனாலும் கொண்டாங்க, சரிபண்ணித் தர்றோம். துணி கிழியிற வரைக்கும் ஜிப்பு ஓடும்."

நாத்தனார் என் முழங்கையை விட்டுவிட்டாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்திருப்பாள். மேலாளரம்மா கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டார்.

"போன தடவை தைச்சுக் கொடுத்தவங்ககிட்ட ஜிப்பு போச்சுன்னு சொன்னேன். புது டிரஸ் வாங்கிக்கங்கன்னு சொன்னாங்க. சரிபண்ணித் தர்றேன்னு நீங்கதாம்மா சொல்றீங்க."

ஓட்டலில் எத்தனை பெண்கள் இருக்கிறார்களோ அத்தனை பேருக்கும், ஆளுக்கு இரண்டு என்று அங்கேயே அளவெடுக்கச் சொல்லிவிட்டார். நாத்தனார் ஒரு பெண்ணின் தோளை இரண்டு தடவை அளந்தாள். நான் வெளி வராந்தாவுக்கு வந்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, தூணைப் பிடித்தபடி ஒரு குதி குதித்தேன். எனக்கு நாற்பத்தாறு வயது.

கிளம்பும் சமயம் மேலாளரம்மா கவுனின் கரையை விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். இந்தக் கஞ்சி யார் போட்டது என்று கேட்டார். அங்கே துணி துவைக்கிறவர்களுக்கு இந்த விறைப்பு வருவதே இல்லையாம். வாராவாரம் துவைத்து இதே மாதிரி கஞ்சி போட்டுக் கொடுக்க முடியுமா, அதற்கும் தனியாகக் கொடுத்துவிடுகிறேன் என்றார். நாத்தனார் என்னைப் பார்த்தாள். பிறகு, எங்க அம்மா போட்டது என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் முற்றத்தில், காலையில் நான் வைத்த தட்டையும் பிரஷையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சும்மா உட்கார்ந்திருந்தார். என் கணவர் ஆர்டர் கிடைத்ததா என்று வாசலிலேயே கேட்டார். நான் தலையாட்டினேன். மாமியார் எழுந்திருக்கவில்லை. நாத்தனார் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் போய் அம்மா முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவர்களுக்குக் கஞ்சி போட்டுத்தான் வேண்டுமாம், வாராவாரம் வேண்டுமாம், நீ போட்ட கஞ்சியைத்தான் கேட்கிறார்கள் என்று ஒரே மூச்சில் சொன்னாள். மாமியார் அதை நம்பாமல் என்னைப் பார்த்தார். உண்மைதான் என்றேன்.

அவர் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு என்னிடம் கேட்டார்.

"ஏத்தா, இனிமே ஜிப்பை ஏத்தி வச்சு முக்கணுமா, எறக்கி வச்சு முக்கணுமா?"

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், வாழ்க்கையில் முதல் தடவையாக, வேறொருவர் என்னை முந்திக்கொண்டார்.

"ஜிப்புப் பக்கத்த நான் தூக்கிப் புடிச்சுக்கிறேம்மா," என்றாள் நாத்தனார். "நீ கீழ மட்டும் முக்கு."

அடுத்த வாரம் அப்படித்தான் நடந்தது. முற்றத்தில் பெரிய அண்டா. குழந்தையைக் குளிப்பாட்டும்போது கண்ணில் சோப்புப் படாமல் தலையைத் தூக்கிப் பிடிப்பார்களே, அதுபோல மகள் கவுனின் முதுகை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்திருந்தாள். அம்மா கரையை மடித்து மடித்துக் கஞ்சியில் முக்கினார். இருவரும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஜிப்பில் ஒரு துளி படவில்லை. எனக்கு அங்கே செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. பேச்சைக் குறைத்துவிட்டுக் கஞ்சி ஆறுவதற்குள் சட்டுப்புட்டென்று முக்குங்கள் என்று பக்கத்தில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தேன்.